கவுன் என்ன கலர்?

எங்கள் வீட்டு சாலிடேர் டிவிக்குப் பின்னால் வி-ஹோல்ட் என்று ஒரு திருகு இருந்தது. படம் உருள ஆரம்பித்தால் அதைப் பிடித்துத் திருக வேண்டும். 1991 டிசம்பர் முழுக்க எனக்கு அதுதான் வேலை. பதினோரு வயது. சுவருக்கும் டிவிக்கும் நடுவே நுழையக்கூடிய உடம்பு எனக்கு மட்டும்தான். நான் பின்னால் இருந்து திருக, முன்னால் உட்கார்ந்து பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள்: "நின்னுடுத்து... நின்னுடுத்து... அடடா, மறுபடி ஓடறதே!"

அத்தை நியூ ஜெர்சியிலிருந்து மார்கழி சீசனுக்கு வந்திருந்தாள். அத்தை பிள்ளை வரவில்லை, இழுத்து வரப்பட்டிருந்தான். பதினேழு வயது. டீ ஷர்ட் எல்லாம் கறுப்பு, எல்லாவற்றிலும் மண்டையோடு. சித்திரக்குளத்துப் பக்கம் அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது என்று பாட்டி அவற்றை உள்புறம் வெளியே வரத் திருப்பித்தான் கொடியில் போடுவாள். அவன் பெட்டியில் சாக்லேட்டுக்கும் டாங் டப்பாவுக்கும் நடுவே ஒரு வீடியோ கேசட் இருந்தது. எம்டிவியில் சனிக்கிழமை நள்ளிரவு வரும் 'ஹெட்பேங்கர்ஸ் பால்' என்ற நிகழ்ச்சியை, விளம்பரங்கள்கூட விடாமல், பதிவு செய்து கொண்டுவந்திருந்தான்.

வந்த அன்றே போட்டோம். சித்தப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த டெக் அதை எப்படியோ ஏற்றுக்கொண்டது. டிவிக்குத்தான் புரியவில்லை. அமெரிக்கப் படத்துக்கு 525 கோடு, நம் ஊர்ப் படத்துக்கு 625. அங்கே நொடிக்கு அறுபது முறை திரை நிரம்பும், இங்கே ஐம்பது. கலர் அனுப்பும் முறையே வேறு. இதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது, கலர் டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக, உருண்டுகொண்டே வந்தது என்பதுதான்.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீசனில் விடியற்காலையிலேயே குளித்து, காப்பி குடித்து, லஸ் வழியாக மியூசிக் அகாடமிக்கு நடந்தே போவார். சாயங்காலக் கச்சேரிக்கு அல்ல, காலை லெக்டெமுக்கு. வித்வான்கள் ஒரு ராகத்தையோ ஒரு பாடாந்தரத்தையோ எடுத்து வைத்துப் பேசுவார்கள். கீழேயிருந்து ஒரு பெரியவர் எழுந்து, எங்கள் குருநாதர் அப்படிச் சொல்லித்தரவில்லையே என்பார். தாத்தாவுக்கு அதுதான் பரமசுகம். "பாட்டு யார் வேணா பாடிடலாம். அதைப் பத்திப் பேசறதுக்குன்னா ஞானம் வேணும்" என்பார். எந்தப் பாடகர் இருந்தாலும் அவர் காதுபடவும் சொல்லக்கூடியவர்.

கேசட்டில் முதல் இரண்டு பாட்டு முடியும்வரை அவர் ஈஸிசேரில் ஹிண்டுவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாவதாகப் பேட்டி வந்தது. ரிக்கி ராக்ட்மன் என்று ஒருவர். லாஸ் ஏஞ்சல்ஸில் கேட்ஹவுஸ் என்ற கிளப்பை நடத்திவந்தவராம். எதிரே தோள்வரை முடி வளர்த்த ஆட்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். அவர்களும் சற்றுமுன் போட்ட கூச்சலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள் போல மெதுவான குரலில் பதில் சொன்னார்கள். ஹிண்டு கீழே இறங்கியது.

"என்னடா பேசறா?"

அமெரிக்க உச்சரிப்பில் எனக்குப் பாதி பிடிபடவில்லை. அத்தை பிள்ளை சொன்னதையும் நானாகக் கற்பித்ததையும் சேர்த்துச் சொன்னேன். சில பேர் கிடார் கம்பியைத் தளர்த்தி, சுருதியை இறக்கிக் கட்டுகிறார்களாம் என்றேன்.

தாத்தா யோசித்தார். "ரெண்டு கட்டையிலேர்ந்து ஒண்ணரைக்கு வந்துட்டாளா? வயசு அப்படி ஒண்ணும் ஆகலையே!"

அடுத்த பாட்டு ஆரம்பித்ததும், "இதை ஓட்டிட்டு, பேசற இடத்துல நிறுத்து" என்றார். அத்தை பிள்ளை வாயடைத்துப் போனான். அவன் ஊரில் பேச்சை ஓட்டிவிட்டுப் பாட்டை நிறுத்திப் பார்க்கிறவன். அந்த விடுமுறை முழுக்க ஒரு சமரசம் நடந்தது: மத்தியானம் தாத்தா தூங்கும்போது பாட்டு, அவர் எழுந்து காப்பி குடிக்கும்போது பேச்சு. நான் இரண்டுக்கும் திருகு பிடித்தேன். எனக்குள் ஹெவி மெட்டல் இறங்கியதே அப்படித்தான், முதுகுப்பக்கமாக, சூடான டிவியின் தூசி வாசனையோடு.

அந்தக் கேசட்டில் எங்கள் வீடே மனப்பாடம் செய்த இடம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு அக்டோபரில் பதிவானது. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தரை புரளும் பெண்கள் கவுனில் வந்து உட்கார்ந்திருந்தார். 'பால்' என்றால் நடன விருந்தாயிற்றே, அதற்குத் தக்க உடை வேண்டாமா என்பது அவர் வாதம். கூட வந்த கிறிஸ்ட் நோவசெலிக் தனக்குப் பூச்செண்டு தரவில்லை என்று குறை வேறு. அவர்களை மெட்டலில் சேர்ப்பதா என்று அத்தை பிள்ளைக்கே சந்தேகம் இருந்தது. தாத்தாவுக்கு வேறு சந்தேகம்.

"ஸ்திரீபார்ட்டா?"

நாடகக் கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதில் அதிசயம் ஏதும் இல்லை. "முகத்துல கொஞ்சம் அரிதாரம் போட்டிருக்கலாம்" என்றதோடு சரி. பாட்டியின் கவலை கவுனின் நிறம். தி. நகரில் நல்லிக்குப் போனால் நாற்பது புடவை பிரிக்கச் சொல்லி ஒன்று எடுப்பவள் அவள். திரையில் உருளும் அந்தச் சாம்பல் துணியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கிளிப்பச்சை. சந்தேகமே இல்லை" என்றாள். அத்தை ரோஸ் என்றாள். போட்டுப் பார்த்த பையனுக்கு நினைவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அவர்கள் கிளம்பிப் போனார்கள். கேசட் எங்களிடமே தங்கியது. மெட்ராஸ் புழுக்கத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் டேப்பில் பூஞ்சை பூத்துவிட்டது. அதற்குள் கேபிள் வந்து எம்டிவி வீட்டுக்கூடத்துக்கே வந்திருந்தது, 1994-இல் அதன் இடத்துக்குச் சேனல் வி வந்தது. தாத்தா அதையெல்லாம் பார்க்கவில்லை. பாட்டுதான் போடுகிறான், பேசுகிறவன் எவனும் இல்லை என்றார்.

2008-இல் அமெரிக்காவின் விஎச்1 கிளாசிக்கில் 'தட் மெட்டல் ஷோ' தொடங்கியது. அதன் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். எடி ட்ரங்க், கூட இரண்டு நகைச்சுவைக்காரர்கள், எதிரே விருந்தினர், சுற்றிலும் ரசிகர்கள். பெரும்பாலும் பேச்சுதான். அதில் ஒரு பகுதி, எந்த ஆல்பத்தில் யார் டிரம்ஸ் என்கிற மாதிரி ரசிகர்கள் கேள்வி கேட்டு எடி ட்ரங்கையே மடக்கப் பார்ப்பது. அகாடமியில் கீழேயிருந்து எழுந்து நிற்கும் அதே பெரியவர்தான், மண்டையோட்டு டீ ஷர்ட்டில்.

அதே நாட்களில்தான் அந்த 1991 பேட்டியையும் முதல் முறையாகக் கலரில் பார்த்தேன். கவுன் நல்ல மஞ்சள். தாத்தா போய்ச் சேர்ந்திருந்தார். பாட்டியிடம் போய்ச் சொன்னேன்.

"மஞ்சள்தானே? நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள்.