வல்பரைசோவில் ஒரு பகற்பொழுது

சிலி தேசத்தின் தலைநகராகிய சாந்தியாகோவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரத்தில், பசுபிக் சமுத்திரக் கரையில் அமைந்துள்ளது வல்பரைசோ என்னும் துறைமுகப் பட்டினம். சர்வகலாசாலை மாணவியாகிய என் மகளும் நானும் காலையில் பஸ் வண்டியேறி, இரண்டு மணி நேரத்துக்குள் அங்குப் போய்ச் சேர்ந்தோம். மாலையில் திரும்ப வேண்டியிருந்தமையால், எமக்குக் கிடைத்தது ஒரு பகற்பொழுது மாத்திரமே.

கடலோரத்தில் ஒடுங்கிய சமநிலம். அதன் பின்னே அரைவட்டமாக 40க்கு மேற்பட்ட குன்றுகள். வங்கிகளும் பண்டகசாலைகளும் கீழே இருக்க, குடிமக்களின் வீடுகள் ஒன்றன் தோள்மீது ஒன்று ஏறி நிற்பனபோலக் குன்றுகளிற் காட்சியளிக்கின்றன. நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என எத்தனை வர்ணங்கள்! அருகிற் சென்று பார்த்தால், அவற்றுட் பல மரச்சட்டங்களின்மேல் நெளிதகரம் அறைந்த எளிய வீடுகள். உப்புக்காற்றிலே தகரம் துருவேறாதிருக்க வர்ணம் பூசுதல் அவசியமாயிற்று. கப்பல்களுக்குப் பூசி எஞ்சிய வர்ணமே ஆதியில் இதற்குப் பயன்பட்டதென்பர்.

குன்றேறுவதற்குச் சாய்வான தண்டவாளங்களில் ஓடும் சிறு பெட்டிகள் உண்டு. கம்பிவடத்தாற் பிணைக்கப்பட்ட இரண்டு பெட்டிகளுள் ஒன்று இறங்க, மற்றது ஏறும். இவ்வகை ஏற்றங்களுள் முதலாவது 1883 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது.

அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிவந்த கப்பல்கள் இங்கேதான் தங்கிச்சென்றன. 1906 ஆம் ஆண்டுப் பூகம்பம் நகரைச் சிதைத்தது. 1914 இல் பனாமாக் கால்வாய் திறக்கப்படவே, கப்பல்கள் வேறு வழி சென்றன. 2003 இல் யுனெஸ்கோ இதன் பழைய பகுதியை உலக மரபுரிமையாக ஏற்றது. 2014 ஏப்ரலில் மூண்ட பெருந்தீயோ குன்றுகளில் 2,000க்கு மேற்பட்ட வீடுகளை அழித்துவிட்டது.

பிற்பகலில், கவிஞர் பாப்லோ நெரூடா 1961 ஆம் ஆண்டிற் குடிபுகுந்த ‘லா செபஸ்தியானா’ என்னும் இல்லத்தை அடைந்தோம். இன்று அது நூதனசாலை. சாளரத்தின் வழியே குடாவும் கப்பல்களும் தெரிந்தன. 1971 இல் நோபல் பரிசு பெற்ற இக்கவிஞர், 1929 இல் சிலியின் தூதரக அதிகாரியாகக் கொழும்பில், நமது வெள்ளவத்தையிலே வசித்தவர். அந்த உறவை எண்ணி வந்த எமக்கு, வேறொன்றையும் எண்ணாதிருக்க முடியவில்லை. தம் வீட்டுக் கழிவை அகற்ற நாள்தோறும் வந்த தமிழ்ப் பெண்ணொருவரைத் தாம் அங்கே பலவந்தப்படுத்தியதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் மறைந்தபின், 1974 இல் வெளிவந்த நூல் அது. 2018 இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முயன்றபோது, சிலி தேசத்துப் பெண்களே இதனை எடுத்துக்காட்டி எதிர்த்தனர்.

மகள் நெடுநேரம் சாளரத்தருகே நின்றாள்.

“அந்தப் பெண்ணின் பெயர் என்ன, அப்பா?”

“அவர் எழுதவில்லை, மகள்.”

வேறு பேச்சின்றிப் படிகளில் இறங்கினோம். மாலை வெயிலிலே தகரச் சுவர்கள் முன்னிலும் அழகாக ஒளிர்ந்தன. அழகை மறுக்க எமக்கு மனம் வரவில்லை; பெயரற்றுப்போன அப்பெண்ணை அங்கே விட்டுவரவும் மனம் வரவில்லை.