அப்பாவின் அறையில் ஒரு ரயில் பாதை

பர்கூரில் ரயில் கிடையாது. பர்கூர் என்றதும் அந்தியூர் மலைமேல் இருக்கும் பர்கூரையும் அதன் செவலை மாடுகளையும் நினைத்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், இது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். துணிக்கடைகளும் கிரானைட் பட்டறைகளும் உள்ள ஊர். ரயில் ஏற வேண்டுமென்றால் திருப்பத்தூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ, இல்லையேல் ஆந்திர எல்லை தாண்டிக் குப்பத்திற்கோ போகவேண்டும். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கும் இதே கதிதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, நாற்பதைத் தாண்டிய ஒரு தமிழ் விரிவுரையாளன் தன் வீட்டில் ரயில் ஓட எங்கே இடம் இருக்கிறது என்று மூன்று மாதமாக அளவு நாடாவும் கையுமாக அலைந்தான் என்றால் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டே படியுங்கள்.

ஆனால் இந்தப் பக்கத்தில் ரயில் ஓடியிருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். இரண்டரை அடி அகலம், அதாவது 762 மில்லிமீட்டர். நீளம் ஏறத்தாழ 25 மைல். அடுத்த ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அதே அகலத்தில் இன்னொன்று. அது 1913இல் ஓசூர் வரை நீண்டது. வணிகத்திற்காகப் போடப்பட்டவை அல்ல. பஞ்சம் வந்தால் தானியம் போய்ச் சேர ஒரு வழி வேண்டும் என்று போடப்பட்டவை. பாரமகால் வறண்ட நிலம். அரசாங்கத்தின் கணக்கில் இவற்றுக்குப் பஞ்சக் காப்புப் பாதைகள் என்றே பெயர். இரண்டாம் உலகப் போரின் நடுவே 1941இல் இரண்டையும் மூடினார்கள். ஓசூருக்குப் பின்னாளில் வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவில்லை.

என் அப்பா அந்தச் சின்ன ரயிலைப் பார்த்தவர். திருப்பத்தூர்ச் சாலையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். ரயில் நின்றபோது அவருக்கு ஐந்து வயது. ஐந்து வயதுக் குழந்தையின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்று தெரியாது. ஆனால் அவர் சொன்னது எண்பத்தைந்து வயது வரை ஒருமுறைகூட மாறியதில்லை: பாட்டியின் இடுப்பில் இருந்தபடி பார்த்தது, வண்டி மனிதர் ஓடுகிற வேகத்தில் வந்தது, ஒருவர் இறங்கி வேலியோரம் சிறுநீர் கழித்துவிட்டு மறுபடி ஓடி ஏறிக்கொண்டது. அந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேருந்தில் அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் ஏதோ ஒரு மேட்டைக் காட்டி, "அதுதாம்பா ரயில் ரோடு" என்பார். ஒவ்வொரு முறையும் வேறொரு மேடு. 2022இல் காலமானார்.

அதன் பிறகுதான் எனக்கு இந்தப் பித்து வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் பழைய ரயில் பெட்டித் தொகுப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். விளையாட்டுப் பொருள் என்று எண்ணித் திறந்தேன். அது ஒரு கணக்குப் புத்தகம். உலகெங்கும் இப்பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் கைக்கொள்ளும் அளவு எண்பத்தேழில் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இன்னும் சிறியது நூற்றறுபதில் ஒரு பங்கு. இடைவெளி 9 மில்லிமீட்டர். ஓர் இரவு சும்மா ஒரு காகிதத்தில் 762ஐ எண்பத்தேழால் வகுத்துப் பார்த்தேன். 8.76 என்று வந்தது. அப்படியானால் சிறிய அளவுக்கென விற்கும் 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தின்மேல் பெரிய அளவில் பெட்டிகளைச் செய்து வைத்தால் அது திருப்பத்தூர் கிருஷ்ணகிரி ரயில். இதை மேலைநாட்டுக்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இருந்தாலும் அன்றிரவு நான்தான் கண்டுபிடித்தேன்.

தொல்காப்பியம் நடத்தும்போது முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற வரிசையை மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். முதலில் நிலமும் பொழுதும்; பிறகுதான் மரமும் புள்ளும் பறையும். ரயில் விஷயத்தில் நானே அதைத் தலைகீழாகச் செய்தேன். எஞ்சின், பெட்டி, சிக்னல் கம்பம், அட்டையில் ஒரு புளியமரம் என்று கருப்பொருளாகச் சேர்த்துக்கொண்டே போனேன். நிலம் எங்கே என்று கேட்டவள் என் மனைவி. "என்னங்க, இதையெல்லாம் எங்க வைக்கப் போறீங்க?"

முதலில் கூடம். எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகை ஒன்றை மேசையாக்கி அதன்மேல் வட்டமாகப் பாதை போடுவதுதான் எல்லோரும் தொடங்கும் வழி. ஆனால் பலகை மட்டும் இடத்தைத் தின்பதில்லை. கை எட்டும் தூரம் இரண்டரை அடிதான். ஆகவே மேசையின் மூன்று பக்கமாவது ஆள் நடமாட இரண்டடி விடவேண்டும். கணக்குப் பார்த்தால் எங்கள் கூடத்தில் ரயிலும் நானும் மட்டுமே வசிக்கலாம்.

அடுத்து மொட்டைமாடியில் இருக்கும் சிமென்ட் ஷீட் போட்ட அறை. ஒரு சித்திரை மாதம் முழுக்க அங்கே பலகையைப் போட்டு ஆறடி நேர்ப்பாதை பதித்து வைத்திருந்தேன். ஒருநாள் மதியம் ஏறிப் பார்த்தால் தண்டவாளம் பாம்பு போல நெளிந்து கிடந்தது. உண்மையான பாதையில் வெயிலுக்காக இடைவெளி விடுவார்கள் என்பது பள்ளிப் பாடம். அதை நான் முட்டுக்கு முட்டு இறுக்கிப் பதித்துவிட்டேன். இடைவெளி விட்டு மறுபடி பதித்தேன். ஆடியில் காற்று வந்தது. எங்கள் ஊர்க் காற்றில் கல்தூள் இருக்கிறது. அலமாரியில் புத்தகத்தை எடுத்தால் விரல் வெள்ளையாகும். ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியே சக்கரத்துக்குப் போகிறது. தூசு படிந்தால் எஞ்சின் திக்கித்திக்கி நின்றுவிடும். ஐப்பசியில் ஈரம் கண்டு பலகையின் விளிம்பு உப்பியது. முதற்பொருளில் பொழுதும் சேர்த்தி என்பதை இலக்கணத்தில் நடத்திவிட்டு வாழ்க்கையில் மறந்தவன் நான். பரணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே தவழ்ந்துதான் போகவேண்டும்.

மேலைநாட்டு நூல்களில் இதற்கெல்லாம் ஒரே விடை: நிலவறை. அமெரிக்காவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்பவர் தம் வீட்டு நிலவறையில் பல்லாண்டு உழைத்து ஒரு மலைநாட்டையே கட்டினார். இத்துறையில் காவியம் என்று சொல்லத்தக்க படைப்பு. 1973இல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீப்பிடித்து அதன் பெரும்பகுதி அழிந்துபோனது. அதன் புகைப்படங்களைப் பார்த்தபோது பிரமிப்பைவிட வேறொன்று தோன்றியது. அவர் ரயிலுக்கு மனிதர் புழங்காத இடத்தைக் கொடுத்தார். நம் வீடுகளில் மனிதர் புழங்காத இடம் என்று எதுவும் இல்லை.

ஒன்று இருந்தது. அப்பாவின் அறை.

பத்துக்கு எட்டு. மேலே கான்கிரீட், அதன்மேல் இன்னொரு தளம். ஆகவே வெயில் இறங்காது. ஒரே ஒரு கிழக்கு ஜன்னல், ஆடிக்காற்று வராது. சுவரில் ஈரம் இல்லை. ரயிலுக்கென்றே கட்டியதுபோல் ஓர் அறை. அதில் அவருடைய கட்டில், சுவரோரமாக, அவர் படுத்த நிலையிலேயே. அம்மா தினமும் பெருக்கி, வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றுவாள். மதியம் சற்று நேரம் அதில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் படுப்பது வேறு அறையில். அந்தக் கட்டிலை அசைக்க யாரையும் விட்டதில்லை. வெள்ளையடிக்க வந்தவரிடமே அதைச் சுற்றி அடிக்கச் சொன்னவள்.

கேட்பதா வேண்டாமா என்று ஒரு மாதம் போயிற்று. நாற்பது வயதுக்குமேல் பெற்ற தாயிடம் பொம்மை ரயிலுக்காக இறந்த தகப்பனின் அறையைக் கேட்பது என்ன வகை ஆசை என்று என்னையே நொந்துகொண்டேன். அவருக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. மறுபாதி, எனக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. அறையைக் கேட்காமல் சுவரை மட்டும் கேட்டால் என்ன என்று தோன்றியது அப்புறம்தான்.

மேசை வேண்டாம், சுவரைச் சுற்றி ஓரடி அகலப் பலகை. சிறிய பாதை என்பதால் மூலையில் பத்து அங்குல ஆரத்தில் திரும்பிவிடும். நான்கு சுவருமாக 36 அடி, ஏறக்குறைய 11 மீட்டர். எண்பத்தேழால் பெருக்கினால் அசலில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழுப் பாதையையும் போட 460 மீட்டர் வேண்டும். அது எங்கள் தெருவுக்கே போதாது. ஆகவே நடுவில் உள்ளதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு முனைகளும் இடையில் ஒரு மேடும் மட்டும். எந்த மேடு என்பதில் சிக்கல் இல்லை, எல்லா மேடும் அதுதான்.

உயரம்தான் கடினமாக இருந்தது. நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நேராக நாலரை அடியில் வைப்பது சிறப்பு என்பார்கள். அந்த உயரத்தில் பலகை ஜன்னலைக் குறுக்கே வெட்டும். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பலகையின் அடிப்பக்கம்தான் தெரியும். எனவே ஜன்னல் திட்டுக்குச் சற்றுக் கீழே, 34 அங்குலம். அப்படி வைத்தால் கட்டிலின் மேலே ஓரடி நீண்டு நிற்கும். சாய்ந்து உட்கார முடியாது. கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளியாக வேண்டும்.

காகிதத்தில் வரைந்துகொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கதவாண்ட என்னடா பண்ணுவ?"

அங்கே ஒரு துண்டுப் பலகை வரும், அடியில் குனிந்து போகலாம் என்றேன்.

"நான் எங்க குனியறது?"

சரிதான். எழுபத்தெட்டு வயது முழங்கால். ஆகவே கதவருகில் கீல் வைத்துத் தூக்கும் பாலம். தூக்கியிருக்கும்போது எஞ்சின் வந்து தரையில் விழாமலிருக்க, பாலத்தின் இருபுறமும் ஒரு முழம் தண்டவாளத்தைத் தனியே பிரித்து, பாலம் இறங்கினால் மட்டும் அங்கே மின்சாரம் போகும்படி செய்யவேண்டும். அதையும் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

"கிருஷ்ணகிரி எந்தப் பக்கம் வரும்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. தலைமாட்டுப் பக்கமா, கால்மாட்டுப் பக்கமா என்று அவளே சற்று யோசித்துவிட்டு, அவர் ஊர் கால்மாட்டில் இருக்கட்டும், படுத்தால் பார்க்கத் தோதாக இருக்கும் என்றாள். பிறகு எழுந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள். வேண்டாம், ஆசாரி வரும்போது ஆள்வைத்துத் தள்ளிக்கொள்ளலாம் என்றேன். மறுமுனையைப் பிடி என்றாள். பிடித்தேன்.

சிவப்புக் காவித் தரையில் நான்கு கால்களின் தடம் வெளுப்பாகத் தெரிந்தது. அம்மா விளக்குமாறு எடுத்துவந்து அந்த ஓரடியைப் பெருக்கினாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானும் காலாவதியான மாத்திரை அட்டையும் வந்தன. மாத்திரையைக் குப்பையில் போட்டாள். பொத்தானை என்னிடம் கொடுத்தாள். பலகைக்கு ஆசாரி அடுத்த வாரம் வருகிறார்.