விண்ணப்பிக்க அஞ்சும் விரல்கள்

நான் கலைக் கல்லூரியில் பயின்றவன். குருதியோட்டம் பற்றிக் கேட்டால் உயிரியல் ஆசிரியரைத்தான் கைகாட்டுவேன். எனினும், கடலூரில் எங்கள் அரசுப் பள்ளியில், மருத்துவராக விழையும் மாணவர்க்கு வழிகாட்டும் பணியை நானே கேட்டுப் பெற்றேன். "சரித்திர வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை?" என்று நண்பர்கள் நகைத்தனர். வேலை இருக்கிறது, தோழர்களே!

மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி. உயிரியலில் வகுப்பிலேயே முதல்வி. நீட் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன், தலை கவிழ்ந்தாள். அவள் தாய், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "அவ்ளோ பெரிய படிப்புக்கு நாங்க எங்க சார் போறது?"

அந்த அம்மையாரிடம் செண்பகம் துரைராசன் வழக்கைச் சொன்னேன். வகுப்புரிமை ஆணையால் மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் கிடைக்காதென்று 1950-ல் நீதிமன்றம் ஏறியவர் அவர். உயர்நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அவ்வாறே கூறிற்று. தமிழகம் கொதித்தது, அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டது. இவ்வளவும் பலர் அறிந்ததே. அறியாதது ஒன்று உண்டு: அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை! விண்ணப்பிக்காமலே உரிமை கோரும் துணிவு ஒரு வீட்டில். தகுதியிருந்தும் விண்ணப்பத்தைத் தொட நடுங்கும் விரல் மறு வீட்டில். இந்த நடுக்கம் பிறவிக் குணமா? தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்டதல்லவா?

சனிக்கிழமையொன்றில் அறுவரைச் சிதம்பரத்திற்கு அழைத்துச் சென்றேன். அண்ணாமலை நகர் மருத்துவமனையை அவர்கள் அறிவார்கள், புறநோயாளிகள் வரிசையில் நின்ற அளவுக்கு. "ஆயாவை இங்கதான் சார் சேர்த்தோம்" என்றான் ஒருவன். அதே வளாகத்தில்தான் கல்லூரியும் இருக்கிறது என்பது அவனுக்குப் புதுச் செய்தி. ஆண்டுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேல் கட்டணம் கேட்ட கல்லூரி அது. மாணவர்கள் போராடினர், 2021-ல் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று, கட்டணமும் ஆயிரக்கணக்கிற்கு இறங்கிற்று.

1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றும் அரியலூர் அனிதாவை 2017-ல் இழந்தோம். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு முள். ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு அது பொருந்தாது. அந்த அறுவரில் ஒருவன், பாட்டி வீட்டில் தங்கி, ஆறாம் வகுப்பை உதவிபெறும் பள்ளியில் முடித்தவன். வகுப்புவாரி ஒதுக்கீடு அவனுக்கு உண்டு; இது இல்லை. பதினொரு வயதுச் சிறுவனுக்கும் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கும் அதை யார் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே இப்போது மே மாதந்தோறும் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீடுகளுக்கே நடக்கிறேன். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைக் காட்டி, "இந்தப் பள்ளிக்கா?" என்று கேட்கும் தந்தையர்க்குச் சட்டத்தை எடுத்துரைக்கிறேன். அவனோ பொதுப்போட்டிக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவள் விண்ணப்பித்துவிட்டாள்; படிவத்தில் கையொப்பமிடுமுன், தாயார் கையை முந்தானையில் இருமுறை துடைத்துக் கொண்டார்.