மழை பொய்த்த நாடும் அதன் கதைகளும்

காலநிலை மாற்றத்தைத் தொடுவதற்கு இலக்கிய நாவல் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்ற கேள்வியை அமிதவ் கோஷ் 2016-இல் வெளிவந்த தம் கட்டுரை நூலில் எழுப்பினார். அன்றாட வாழ்வின் நம்பத்தகுந்த போக்கைச் சார்ந்தே வளர்ந்த நாவல் வடிவம், நம்ப முடியாத புயலுக்கும் வெள்ளத்துக்கும் இடங்கொடுக்கக் கூசுகிறது என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. கொங்கு நாட்டிலிருந்து நோக்கினால் இக்காரணம் பாதியே பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வறண்டு வந்து சேரும் பகுதியில், கருமத்தம்பட்டி போன்ற ஊர்களுக்கு மழை பொய்ப்பது அதிசயமன்று; சோளத்தட்டின் விலையாகவும் கிணற்றின் ஆழமாகவும் அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றுக்குரிய அகவுணர்வை உரிப்பொருள் என்றும் வகுத்த தமிழ் மரபு மழைக்கும் மனித வாழ்வுக்கும் உள்ள இத்தொடர்பை முன்பே அறிந்திருந்தது. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் இயல்பு திரியும்போது பாலை உருவாகிறது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அப்பாலைக்குரிய உணர்வு பிரிவு. காலநிலைப் புனைவு என்று இன்று அழைக்கப்படும் வகைக்கு இதைவிடச் செறிந்த இலக்கணம் கிடைப்பது அரிது.

அவ்விலக்கணத்துக்கு மிக அருகில் நிற்கும் கொங்குப் படைப்பு பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016). வறட்சி அங்கே புள்ளிவிவரமாக வரவில்லை. மேய்ச்சல் குறைகிறது, ஆட்டை வளர்க்கும் கிழவிக்கே கஞ்சி அரிதாகிறது, ஈன்ற குட்டிகள் தாயிடமிருந்து விற்கப்படுகின்றன. அன்பில்லாமல் விற்றிருந்தால் வாசகர் கிழவியை வெறுத்துவிட்டுத் தப்பிக்கலாம். அன்போடு வளர்த்தவளே விற்கிறாள் என்பதுதான் அந்நாவலின் வலிமை.

ஆயினும் ஆட்டுப்பட்டிக்கு வெளியே நேர்ந்த இழப்பு இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, 2017 சனவரியில் மாநிலம் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஆண்டுகளில் போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு வற்றுகிறது, தென்னை காய்கிறது, பண்ணையம் பார்த்தவர் காட்டை, அதாவது தம் விளைநிலத்தை, விற்றுவிட்டுத் தறிக்குடோனுக்குக் கூலிக்குப் போகிறார். சாவு நேர்ந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க ஊரே வரும். வற்றிய போருக்கோ விற்ற காட்டுக்கோ அப்படி ஒரு சடங்கு இல்லை என்பதால், அத்துயரம் கடனாகவும் வெட்கமாகவும் மாறி வாய்மூடிக் கிடக்கிறது. அதைப் பேசவைக்கப் புனைவைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

அறுபது ஆண்டுக் கோரிக்கைக்குப் பின், பவானி ஆற்றின் உபரிநீரில் ஒன்றரை டிஎம்சியைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளங்களுக்குக் கொண்டுசெல்லும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. குளத்தில் நீர் வந்து சேர்வதற்குள் காட்டை விற்றுவிட்டவர்களின் கதையைச் சோமனூர், கருமத்தம்பட்டித் தறிகளுக்கிடையில் வளர்ந்த பிள்ளைகள், அவ்வனுபவம் உடையவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.