குட்டி யானைக்கு ஒரு குரல்

சிவகாசி என்றதும் வெளியூர் மக்களுக்கு நினைவில் எழுவது வெடியோசை. ஆனால் பட்டாசு ஆலைகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிலவுவது அமைதிதான். உராய்வுக்கும் பொறிக்கும் அஞ்சி, மெல்ல நடந்து, மெல்லத் தொட்டு வேலை செய்கிறார்கள். ஓசையைப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பி வைக்கும் பூமி இது. இங்கே உண்மையில் காதைத் துளைப்பவை சாலையில் ஓடும் வண்டிகளே.

1922-ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் கிளைத்தன. மூன்றுக்கும் காகிதம் வேண்டும், அட்டை வேண்டும், அவற்றைச் சுமக்க வண்டி வேண்டும். முன்பு மாட்டு வண்டி சுமந்தது. இப்பொழுது சிறு சரக்கு வண்டிகள் சுமக்கின்றன. 2005-இல் டாட்டா நிறுவனம் கொண்டுவந்த ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லப் பெயரே சூட்டிவிட்டார்கள்.

என் சகோதரியின் மகனும் அப்படியொரு குட்டி யானையை, இரண்டாம் கையாக, கடனில் வாங்கி ஓட்டுகிறான். அச்சகங்களுக்குக் காகிதக் கட்டுகள், ஆலைகளுக்கு மடித்த அட்டைப் பெட்டிகள், ஆண்டு இறுதியில் நாட்காட்டிகள் என்று அவனுக்குச் சுமை குறைவதில்லை. சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் என்னிடம் வந்தான்.

"மாமு, வண்டியிலே நல்ல செட் ஒன்று போட வேண்டும். பன்னிரண்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள்தான் கூட இருந்து செய்து தர வேண்டும்" என்றான்.

கல்யாண வீடுகளுக்கும் கூட்டங்களுக்கும் மைக் செட் கட்டிப் பிழைத்தவன் நான். விருதுநகரிலும் சுற்றுப்புறங்களிலும் நான் குழாய் கட்டாத தெரு குறைவு. அந்த உரிமையில் கேட்டான். உள்ளேயிருந்த என் சகோதரிக்கோ கோபம். "வண்டிக் கடன் முடிவதற்குள் பாட்டுப்பெட்டி கேட்கிறதா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. சுமை ஏற்றி முடியும்போது இரவாகிவிடும். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் தனியே ஓட்டிச் செல்பவனுக்குப் பேச்சுத்துணை ஏது? இருந்த பழைய பெட்டியோ, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் தன் குரலை இழந்துவிடும். இந்த வண்டியில் டீசல் இயந்திரம் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. இரைச்சலின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் ஓட்டுநர் பாட்டுக் கேட்க வேண்டும்.

"நீ என்ன கேட்பாய்?" என்று முதலில் விசாரித்தேன். செய்தி, மார்க்கச் சொற்பொழிவு, நாகூர் ஹனீபாவின் பாடல்கள் என்றான். 2015-இல் மறைந்த அந்தப் பெருமகனின் குரல் எங்கள் மைக் செட் காலத்தில் எத்தனையோ விழாக்களைத் தொடங்கி வைத்தது. அந்தக் குரலைத் தெளிவாகக் கேட்க, இருக்கையை அதிரச் செய்யும் பெரிய ஊஃபர் பெட்டி தேவையில்லை. ஊஃபரின் வேலையெல்லாம் ஏறத்தாழ நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளில்தான். பேச்சின் தெளிவு அதற்கு வெகு மேலே இருக்கிறது. ஊஃபரைக் கைவிட்டதுமே செலவில் பாதி குறைந்தது.

அடுத்து வாட் கணக்கு. கடையில் அவனிடம் காட்டிய ஸ்டீரியோவின் அட்டையில் 'ஐம்பது வாட், நான்கு சேனல்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. வண்டியின் மின்சாரம் பெயருக்குப் பன்னிரண்டு வோல்ட். ஓடும்போது பதினான்கு வரை இருக்கும். வழக்கமான நான்கு ஓம் ஸ்பீக்கரை அதில் இணைத்தால், ஒலி சிதையாமல் ஒரு சேனலுக்குக் கிடைப்பது கணக்குப்படியே இருபத்தைந்து வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் பதினைந்து முதல் இருபது. ஐம்பது என்பது குரல் உடைந்து அலறும் நிலையில் எடுத்த எண். அதற்கு மேல் உண்மையான ஆற்றல் வேண்டுமானால் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதற்கு முப்பது ஆம்பியர் அளவில் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்துக்குத் தடித்த வயர் வேண்டும். சிறு வண்டியின் ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் அந்தச் சுமையால் திணறும்.

இதற்கு வேறொரு வழி உண்டு. ஸ்பீக்கர்களுக்கு உணர்திறன் என்று ஓர் அளவு இருக்கிறது. ஒரே ஆற்றலைக் கொடுத்தால் எது உரக்கப் பேசும் என்பதை அது காட்டும். அதில் மூன்று டெசிபெல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கரை வாங்கினால், ஆற்றலை இரு மடங்காக்கிய பயன் கிடைக்கும். ஆகவே வாட்டைத் துரத்தாமல், உணர்திறன் மிகுந்த ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் இரண்டைத் தேர்ந்தோம். கதவுக் கண்ணாடி இறங்கும் வழியில் அதன் காந்தம் முட்டாதா என்று முன்கூட்டியே அளந்துகொண்டோம்.

பிறகு கதவைக் கவனித்தோம். தகரக் கதவின் உள்ளே பல துளைகள். ஸ்பீக்கரின் முன்னால் பிறக்கும் ஒலியும் பின்னால் பிறக்கும் ஒலியும் அத்துளைகளின் வழியே சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். துளைகளை மூடி, தகரத்தின் மேல் ஒட்டும் ரப்பர்த் தாளை ஒட்டி, இருக்கையின் அடியிலும் இரைச்சல் தடுப்புத் தாள் விரித்தோம். பாட்டு வைப்பதற்கு முன்பே வண்டிக்குள் இரைச்சல் தணிந்தது. "மாமு, இதுவே பாதி செட் போட்ட மாதிரி இருக்கிறது" என்று வியந்தான்.

பழைய பெட்டியைக் கழற்றியபோதுதான் என் நெஞ்சு திடுக்கிட்டது. முந்தைய உரிமையாளரின் காலத்தில் எவரோ பொருத்திய வேலை. முகப்பு விளக்குக்குப் போகும் வயரைச் சுரண்டி, ஃபியூஸ் இல்லாமல், இன்னொரு வயரை முறுக்கி, நாடா சுற்றி விட்டிருந்தார்கள். நாடா உருகிக் கறுத்திருந்தது. வயர் இரும்புத் தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையமும் இல்லை. வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் தகட்டின் விளிம்பு அதன் தோலை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னும் சில மாதங்களில் செம்பு இரும்பைத் தொட்டிருக்கும். தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை நொடியில் தள்ளக்கூடிய பேட்டரி அந்த மெல்லிய வயரை நெருப்புக் கம்பியாக்கிவிடும். பின்னால் ஏற்றியிருப்பதோ காகிதம்.

2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும் வேளையில் தீ மூண்டது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்தது. எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தீக்கும் பாட்டுப்பெட்டிக்கும் தொடர்பில்லை. ஆனால் சுமை ஏற்றும் வண்டியருகே ஒரு பொறி என்ன செய்யும் என்பதை இம்மாவட்டத்தில் எவரும் மறக்க முடியாது.

ஆகவே முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினோம். பழைய வயர்களை அடியோடு நீக்கினோம். புதிய வயரில், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம். ஃபியூஸ் ஸ்டீரியோவைக் காப்பதற்கென்று பலரும் எண்ணுகிறார்கள். அது காப்பது வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள துண்டு எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்குக் காவல் இல்லை என்று பொருள். துளைதோறும் ரப்பர் வளையம் போட்டு, வயர் முழுவதையும் நெளிகுழாய்க்குள் செலுத்தினோம்.

மருமகனுக்கு மேலும் ஓர் ஆசை இருந்தது. பின்புறத் தட்டில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளும் ஓர் ஆம்ப்ளிஃபையரும் நிலையாகப் பொருத்திவிட்டால், கடைத் திறப்புக்கும் தேர்தலுக்கும் விளம்பர வாடகை கிடைக்கும் என்றான். வருமானம் உண்மைதான். நான் மறுத்தேன். "சுமைத் தட்டில் ஒரு சாண் வயர்கூடப் போகக் கூடாது. காலையில் அட்டையோடு பட்டாசு ஆலை வாசலுக்குப் போகிற வண்டி இது" என்றேன். அவனுக்கு முகம் வாடியது. இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் சட்டத்தையும் எடுத்துச் சொன்னேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை வெளியிடத்தில் பொதுவாகக் கூடாது. வெடிபொருள் ஏற்றும் வண்டிகளுக்கோ 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் தனியே உள்ளன. தீபாவளி நெருங்கினால், "நான்கு பெட்டி பட்டாசுதானே, போட்டுக்கொண்டு போ தம்பி" என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் மறுக்க வேண்டும் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அவன் மனம் மாறியதற்குக் காரணம் நானும் அல்ல, சட்டமும் அல்ல. அவனுடைய அத்தா, என் மச்சான், முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். சாளரத்தை ஒட்டியிருந்த வலது காது இப்பொழுது அநேகமாகக் கேட்பதில்லை. பள்ளியில் பாங்கு சொன்னதை என் சகோதரி வந்து சொன்னால்தான் எழுவார். நாங்கள் பேசுவதை அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், இடது காதைத் திருப்பி, "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். மகன் உரத்த குரலில் மூன்று முறை சொன்னான். பிறகு அவனே மௌனமாகிவிட்டான்.

எண்பத்தைந்து டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது மருத்துவ அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். எண்பத்தெட்டுக்கு நான்கு மணி. தொண்ணூற்றொன்றுக்கு இரண்டு மணி. நூறு டெசிபெல்லுக்குப் பதினைந்தே நிமிடம். இரைச்சலை மிஞ்சப் பாட்டை உயர்த்துகிற ஓட்டுநர், இரண்டையும் சேர்த்தே காதில் வாங்குகிறார். இரைச்சலைக் குறைத்தால் பாட்டும் தானே தாழ்ந்து ஒலிக்கும். பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் ஆம்புலன்ஸின் ஓசையும் கேட்கும்.

எல்லாம் முடிந்தபோது செலவு ஏழாயிரத்தைத் தொடவில்லை. மீதியைக் கடன் தவணைக்கென்று அம்மாவிடமே கொடுத்தான். மறுவாரம் என் சகோதரியும் மச்சானும் திருத்தங்கலுக்கு அந்த வண்டியில்தான் போனார்கள். வழியெல்லாம் கத்தாமல் பேசிக்கொண்டு போனதாகச் சகோதரி சொன்னாள். பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதை வாசிக்கும் இல்லங்களிலும் சரக்கு வண்டி ஓட்டும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை இந்த வாரமே மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: பாட்டுப்பெட்டியின் வயரில் பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் இருக்கிறதா? இரும்பைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா? சுமைத் தட்டில் எந்த வயரேனும் ஓடுகிறதா? பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும். குறையிருந்தால் திருத்திக்கொள்ளச் சில நூறு ரூபாய் ஆகலாம். இன்ஷா அல்லாஹ், பிள்ளை இரவுச் சுமையை இறக்கிவிட்டு நலமாக வீடு வந்து சேர்வான். நாம் மெல்ல அழைத்தாலும் அவன் காதில் விழும்.