நாளை என்னும் பதுங்குகுழி

மாணவர் ஒருவர் தம் பாடவேலையைச் செய்யாமல் நாளுக்கு நாள் ஒத்திப்போடும்போது நாம் வழக்கமாகக் கூறும் காரணம் ஒன்றே: சோம்பல். அந்தச் சொல்லை உதிர்த்தவுடன் ஆசிரியரின் கடமை முடிந்துவிடுகிறது; பெற்றோரின் கவலைக்கும் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் நோய்க்குப் பெயரிடுவது மருத்துவம் ஆகிவிடாது. இங்கோ பெயரே பிழையாக இருக்கிறது. வன்னியில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற முறையில் நான் கண்ட உண்மை வேறு. ஒத்திப்போடும் பிள்ளைகளிற் பெரும்பாலானோர் சோம்பேறிகள் அல்லர்; அச்சத்தால் கட்டுண்டவர்கள்.

சோம்பல் என்னும் குற்றச்சாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. திருக்குறளில் மடியின்மை என்னும் அதிகாரம் அமைந்திருப்பது பொருட்பாலின் அரசியல் பகுதியில். காலந்தாழ்த்தலும் மறதியும் கேடு தரும் என்று வள்ளுவர் எச்சரித்தது, முதன்மையாக அதிகாரம் படைத்தவனை நோக்கியே. பின்னாளில் அந்த விரல் திசைமாறி, உழைப்பவனை நோக்கித் திரும்பிற்று. மலாயாவிலும் பிலிப்பைன்சிலும் ஜாவாவிலும் குடியேற்ற ஆட்சியாளர் அந்நாட்டு மக்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவைத்ததன் உள்நோக்கத்தைச் சையத் ஹுசைன் அலாட்டாஸ் 1977இல் ஒரு நூலில் அம்பலப்படுத்தினார். வெள்ளையனின் தோட்டத்தில் அவன் கொடுத்த கூலிக்கு உழைக்க மறுத்தவனே அவர்களுடைய அகராதியிற் சோம்பேறி. அதே 1977இல், இனவன்செயலால் விரட்டப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து, காடு வெட்டிக் குடியமர்ந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகளை இன்று வகுப்பறையில் அதே பெயரால் அழைப்போர், தாம் யாருடைய சொல்லைப் பேசுகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் கிராமப் பாடசாலை ஒன்றில், பதினோராம் தரத்தில், ஒரு மாணவி என்னிடம் படித்தாள். விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமப்பாள்; தம்பியை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கு அழைத்து வருவாள்; கச்சான் பிடுங்கும் காலத்தில் தாயுடன் தோட்டத்தில் நிற்பாள். இவளைச் சோம்பேறி என்று எவராவது சொன்னால் அது சூரியனை இருட்டு என்பதற்கு ஒப்பாகும். ஆயினும் வட்டங்களின் கோணங்கள் பற்றிய பாடம் தொடங்கியது முதல் மூன்று வாரமாக அவளுடைய கொப்பி வெறுமையாகவே இருந்தது. கேட்டபோதெல்லாம், "நாளைக்குச் செய்துகொண்டு வாறன், சேர்" என்ற ஒரே விடைதான். ஒருநாள் பாடசாலை விட்ட பின்னர், கண்டிக்கும் குரலில் அன்றி, காரணம் அறியும் விருப்பத்துடன் கேட்டேன். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றவள் சொன்னாள்: "செய்யாமல் இருந்தால் பிழை எண்டு ஆரும் சொல்லேலாதுதானே, சேர்."

இந்த ஒரு வாக்கியத்தில் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. எழுதாத கணக்கு பிழையாவதில்லை. எழுதும் வரை அவள் கெட்டிக்காரியாகவும் இருக்கலாம். எழுதிவிட்டாலோ, தன் தகுதி என்ன என்பது வெளியாகிவிடும். உளவியலாளர் பூஷியா சிரொய், திமொதி பிச்சில் ஆகிய இருவரும் 2013இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை கூறுவதும் இதுவே: ஒத்திப்போடுதல் நேரத்தை நிருவகிக்கத் தெரியாமையால் வருவதன்று, வேலையை நினைத்ததும் எழும் துன்ப உணர்விலிருந்து அந்தக் கணத்துக்குத் தப்பும் முயற்சி அது. வன்னி மக்களுக்கு இதை விளங்கவைக்க உளவியல் வேண்டியதில்லை. பதுங்குகுழி என்றால் போதும். 'நாளை' என்பது ஒரு பதுங்குகுழி. அதற்குள் இறங்கியதும் நெஞ்சு ஆறுகிறது. ஆனால் அதற்குள்ளேயே குடியிருக்க முடியாது. மேலே வயல் காய்ந்துகொண்டிருக்கிறது.

இனி, ஒரு கணக்குப் பிழைத்துவிடும் என்பதற்கு ஒரு பிள்ளை ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? விடை கொப்பிக்கு வெளியே இருக்கிறது. 1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடை, 1996இல் கிளிநொச்சியின் வீழ்ச்சி, ஓயாத இடப்பெயர்வுகள், இறுதியாக 2009 என, இந்த மண்ணில் வீடும் மாடும் தோட்டமும் மனிதரும் அழிந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. செட்டிகுளம் முகாம்களில் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த மாணவர்கள் அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். இத்தனையும் கண்ட பெற்றோர் ஒரு முடிவுக்கு வந்தனர்: எறிகணையால் அழிக்க முடியாத சொத்து படிப்பு ஒன்றே. இந்த நம்பிக்கை உயர்ந்தது. ஆனால் அதன் பாரம் முழுவதும் ஒரு பிள்ளையின் கொப்பியில் இறங்குகிறது. இழந்த வீட்டையும் வராத அண்ணனையும் அந்தக் கொப்பிதான் ஈடுசெய்ய வேண்டும் என்றால், அதைத் திறக்க எந்தக் கைதான் நடுங்காது?

வாசலோ ஒடுங்கியது. பல்கலைக்கழக அனுமதியில் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. வன்னி மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. அறிவியல் நகரில் 2013இல் பொறியியற் பீடம் தொடங்கிற்று. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்தியங்கத் தொடங்கிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் வாசல் அருகில் வந்ததே ஒழிய, அதன் முன் நிற்பவர்களின் அச்சம் குறையவில்லை.

அந்த மாணவிக்குச் செய்தது மிக எளிய காரியம். முதலில் மூன்று வாரப் பழைய கணக்குகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தேன். கடன் குவிந்தவர் கடன்காரன் வரும் தெருவைத் தவிர்ப்பது இயல்பு. போருக்குப் பின் வன்னிப் பெண்கள் நுண்நிதிக் கடன் வசூலிக்க வருபவர்களுக்கு அஞ்சி வீட்டில் ஒளிந்திருந்ததை நாம் அறிவோம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் அத்தகைய கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. தாய் கடன்காரனுக்கு ஒளிகிறாள். மகள் கொப்பிக்கு ஒளிகிறாள். இரண்டிலும் முதல் மருந்து, சுமையைக் குறைப்பதே.

அடுத்து, கணக்கைச் செய்யச் சொல்லவில்லை. படத்தை மட்டும் கீறி, தரப்பட்ட கோணங்களைக் குறித்துவரச் சொன்னேன். அதிற் பிழைக்க இடமில்லை. மறுநாள் முதல் வரி. அதற்கு மறுநாள் இரண்டாம் வரி. திருத்தும்போது புள்ளடி போடுவதை நிறுத்தி, எந்த வரி வரை சரி என்பதற்கு மட்டும் ஒரு கோடு இட்டேன். பிழைத்த இடத்தைப் பெயர் சொல்லாமற் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதையும் ஆராய வைத்தேன். பிழை அவமானமாக இல்லாமல் எல்லாருக்கும் பொதுவான ஒரு கேள்வியாக மாறியது. இன்று துணையுடன் செய்வதைப் பிள்ளை நாளை தானே செய்யும் என்று சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி கூறியதன் பொருளை நான் அந்த வகுப்பறையிற் கண்கூடாகக் கண்டேன். இங்கும் 'நாளை' என்ற சொல் இருக்கிறது. ஆனால் இது ஒளிவதற்கான நாளை அன்று, வளர்வதற்கான நாளை.

மூன்றாவது, தனிமையை உடைத்தல். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிதளவு எண்ணெய் விட்டு எரித்த விளக்கைச் சுற்றி அயல்வீட்டுப் பிள்ளைகள் கூடியிருந்து படித்தார்கள். வறுமையைப் புகழ்வதற்காக இதைக் கூறவில்லை. அந்த இருட்டு எந்தப் பிள்ளைக்கும் மீண்டும் வரக்கூடாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒருவரின் தயக்கத்தை மற்றவரின் தொடக்கம் போக்கியது. இன்று மின்விளக்கு உண்டு; பிள்ளை தனியே இருக்கிறது. ஆகவே அந்த மாணவியின் அயலில் இருந்த நால்வரை மாலையில் அரைமணி நேரம் ஒன்றாக இருந்து படிக்கச் சொன்னோம். சாதாரண தரப் பரீட்சையில் ஐவரும் கணிதத்திற் சித்தியடைந்தனர். எந்தப் பத்திரிகையும் அவர்களின் படத்தைப் போடவில்லை. போடத்தக்க சாதனை என்றும் நான் சொல்லவில்லை. வெறுமையாகக் கிடந்த கொப்பி நிரம்பிற்று என்பதே செய்தி.

இறுதியாக, முற்போக்கு எண்ணமுடைய ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. "போட்டிப் பரீட்சை முறையே பிழை, சமுதாய அமைப்பு மாறாமல் இந்த அச்சம் தீராது" என்று நம்மிற் பலர் கூறுவதுண்டு. கூற்று உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லிவிட்டுக் கைகட்டி இருப்போமானால், நாமும் அதே பதுங்குகுழிக்குள்தான் இருக்கிறோம், பெயர்தான் வேறு. இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945இல். நாடு சுதந்திரம் பெற்றது 1948இல். சுதந்திரம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று கன்னங்கரா ஒத்திப்போட்டிருந்தால், வன்னியின் ஏழைப்பிள்ளைக்கு அந்தக் கொப்பியே கிடைத்திருக்குமோ என்பது ஐயம்.

பெரிய மாற்றத்துக்காகப் போராடுவதும், இன்று மாலை ஒரு பிள்ளையின் பக்கத்தில் இருந்து முதல் வரியை எழுதத் துணைசெய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தன் பிழையைப் பார்க்க அஞ்சாத மாணவனே, நாளை தன் சமுதாயத்தின் பிழையைச் சுட்டவும் அஞ்சாதவனாவான். அந்த அச்சமின்மையின் முதற் பாடம் ஒரு கொப்பியின் முதல் வரியில் தொடங்குகிறது. அதை இன்றே எழுதத் தொடங்கலாம்.