கணக்கு சரியாக இருந்தது

14 ஆண்டுகளாக நாம் கல்லூரிக்குச் செல்வது ஒரே தனியார் நகரப் பேருந்தில்தான். 3 ஆண்டுகளுக்கு முன் அதில் நடத்துநராக வந்து சேர்ந்தவர் நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர். நம்மிடமும் தயங்காமல் கட்டணம் வாங்குவார். "கணக்கு கணக்குதான், ஐயா" என்பார். முதியவர்கள் ஏறி அமரும்வரை விசில் ஊதமாட்டார். ஊர்ப்பெயர்களைச் சிதைக்காமல் முழுதாகச் சொல்வார். அவ்வேலையை அவர் நேசித்தார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இரவில் வசூலை ஒப்படைக்கும் இடத்தில்தான் துன்பம் தொடங்கியது. பணம் குறைந்தால் பேட்டாவில் பிடித்துக்கொள்வார்கள். மேலாளர் அதோடு நிற்கவில்லை. "புலவருக்குக் கூட்டல் வராதோ?" என்று மற்றவர்கள் சிரிக்கும்படி நாள்தோறும் கேட்பாராம். 8 மாதங்கள் இது நடந்தது. ஒருநாள் காலை பேருந்து நிலையத்தில், பயணிகள் பார்த்திருக்க, தோல்பையைப் பிடுங்கிக் கொட்டி எண்ணினார். காசுகள் இருக்கைகளின் அடியில் உருண்டன. கணக்கு சரியாக இருந்தது. முன்னிருக்கையில் இருந்த நாம் நாளிதழை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தோம்.

மறுவாரம் அவர் வரவில்லை.

1980-களில் சுவீடனில் பணியிட வதையை ஆராய்ந்த உளவியலாளர் ஹெய்ன்ஸ் லேமன் அதற்கோர் அளவு வகுத்தார்: வாரம் ஒருமுறையேனும், அரையாண்டுக் காலமேனும் தொடர்வது. நம் மாணவர் பட்டது அவ்வளவையும் கடந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என உழைப்புக்கு எல்லை கட்டியது. இழிசொல்லுக்கு அப்படியோர் எல்லை அதில் இருக்கவில்லை.

அவ்வண்டியின் ஓட்டுநருக்கும் அதே மேலாளர்தான், அதே வசவுதான். "நீங்கள் மட்டும் எப்படி இருக்கிறீர்கள்?" என்றோம். "எங்க சார் போறது? வயசு 51. ரெண்டு பொண்ணுங்க" என்றார். நிறுவனத்தின் பார்வையில் அவர் விசுவாசி. நம் மாணவரோ நிலையில்லாதவர். 1991-இல் மேயர், ஆலன் என்னும் ஆய்வாளர்கள் பணிப்பிணைப்பை மூன்றாகப் பகுத்தனர்: வேலைமீதுள்ள பற்றால் இருத்தல், விட்டால் நேரும் இழப்புக்கு அஞ்சி இருத்தல், கடமை எனக் கருதி இருத்தல். அந்த ஓட்டுநரிடம் எஞ்சியிருந்தது இரண்டாவது மட்டுமே. பற்றுடையவர் வெளியேறினார், பற்றிழந்தவர் தங்கினார். ஆள் நிலைப்பதில்லை என்று அலுத்துக்கொள்ளும் முதலாளிகள், போனவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள்.

அண்மையில் அம்மாணவரைக் கடைவீதியில் கண்டோம். ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறாராம். அன்றைய நாளைப் பற்றி அவர் பேசவில்லை. "அந்த வண்டி இப்போதும் நேரத்துக்கு வருகிறதா, ஐயா?" என்றுதான் கேட்டார். வருகிறது என்றோம். மன்னிப்புக் கேட்க நினைத்தோம். அன்றும் வாய் எழவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களில் இப்போதிருப்பவர் நான்காமவர். அவர் பெயரை நாம் இதுவரை கேட்கவில்லை. நாளைக் காலை கேட்க வேண்டும்.